பழைய பென்டியம் 4இல ஐடிஇ டிஸ்கைக் கழட்டிப்போட்டு சாட்டா போடலாமோ?

17.02.2024, பின்னேரம் (வந்த கேள்வி)

அண்ணை, சுன்னாகத்தில எங்கட அப்பாவின்ர அச்சகம். 2005இல எடுத்த பென்டியம் 4 ஒண்டு இப்பவும் ஓடுது, விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர், பாமினி எண்ட தமிழ் எழுத்து. 40 ஜிபி ஐடிஇ டிஸ்க். காலமை போட்டால் தேத்தண்ணி குடிச்சு முடியத்தான் ஸ்கிரீன் வருது, இப்ப ரெண்டு கிழமையா டிக் டிக் எண்டு சத்தமும் கேக்குது. போர்ட்டில சின்னச் சொக்கெட் ரெண்டு சும்மா கிடக்கு, அது சாட்டா எண்டு நெட்டில பாத்தன். அதில புது எஸ்எஸ்டி, உந்தச் சுத்துற தட்டில்லாத டிஸ்க், ஒண்டைக் கொழுவினால் சரி வருமோ? கடையில கேட்டால் உதைத் தூக்கி எறிஞ்சுபோட்டுப் புதுசு எடுங்கோ எண்டினம். அப்பா விடுறார் இல்லை.

17.02.2024, இரவு

ஓம் தம்பி, போடலாம். எறிய வேண்டாம். ஐடிஇ, சாட்டா ரெண்டும் டிஸ்கைப் போர்ட்டோட இணைக்கிற முறை, ஐடிஇ பழசு, சாட்டா புதுசு. நீர் பாத்த சொக்கெட் சாட்டாதான், 7 பின் இருக்கும். இப்ப டிஸ்க் நிக்கிறது அகலமான பட்டி வயரில, அதுதான் ஐடிஇ, 40 பின். ஐடிஇ ஆகக்கூடினது செக்கனுக்கு 133 எம்பி, சாட்டா முதல் வந்தது 150, பேந்து 300, பேந்து 600. 2003 வாக்கில இருந்துதான் போர்ட்டுகளில சாட்டா வரத் தொடங்கினது, உம்மட மிசின் அந்த மாறுற காலத்தில வந்தது, அதுதான் ரெண்டு சொக்கெட்டும் கிடக்கு. எஸ்எஸ்டியைக் கொழுவி, பயோஸில, மிசின் போட்டவுடன முதல் ஓடுற அமைப்பில, சாட்டாவைத் திறந்துவிட்டு, பழைய டிஸ்கை அப்பிடியே கொப்பி பண்ணினால் வேலை முடிஞ்சுது.

நானும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில இருவது வருசத்துக்கு மேல ரைப்செற்றிங் செய்யிறன், என்ர மிசினும் கிட்டத்தட்ட அதே வயசு, இண்டைக்கும் அதிலதான் நோட்டீஸ் அடிக்கிறன். அப்பா ஏன் விடுறார் இல்லை எண்டு எனக்கு நல்லா விளங்குது.

17.02.2024, படுக்கப் போக முதல்

முக்கியமானதைச் சொல்லாமல் விட்டிட்டன். டிக் டிக் எண்டு கேக்குதெண்டால் மிசினை இப்பவே நிப்பாட்டும். நாளைக்கு அவசர வேலை இருந்தாலும் போட வேண்டாம். டிஸ்கின்ர தலை ஒரு இடத்தை வாசிக்க ஏலாமல் திரும்பிப் போய் திரும்பி வாற சத்தம் அது. இனி ஒருக்கா அந்த டிஸ்குக்குக் கரண்ட் குடுக்கிறதெண்டால் அது பிரதி எடுக்கிறதுக்கு மட்டும்தான்.

18.02.2024

ஏன் ராத்திரி அந்த அவதியில எழுதினனான் எண்டு சொல்லுறன்.

2011இல என்ர 80 ஜிபி டிஸ்கும் இதே சத்தம்தான் போட்டது. நல்லூர்த் திருவிழா நேரம், 25 நாளும் ஆரும் ஒருத்தர் நோட்டீசுக்கு வந்து நிப்பினம், நிப்பாட்ட நேரமில்லை எண்டு ஓட்டினனான். தேருக்கு முதல் நாள் டிஸ்க் நிண்டிட்டுது. நோட்டீஸ் போனால் திரும்ப அடிக்கலாம். 2003இல இருந்து செய்த கல்வெட்டு முழுக்க அதுக்குள்ள. எங்கட ஊருக்கு வெளியில இருக்கிற ஆக்களுக்குக் கல்வெட்டு எண்டால் கோயில் கல்லில வெட்டினது, எங்களுக்கு அது அந்தியேட்டிக்கு, ஆள் செத்த 31ஆம் நாளுக்குக் குடுக்கிற சின்னப் புத்தகம். திதி நிர்ணய வெண்பா, தேவாரம், சிவபுராணம், செத்த ஆளின்ர வாழ்க்கை, பிள்ளையள், மருமக்கள், பேரப்பிள்ளையள் எல்லாற்றை பேரும். கன வீடுகளில பரம்பரை எழுதிக்கிடக்கிற ஒரே இடம் அதுதான்.

அடுத்த வருசம் கனடாவில இருந்து ஒரு அக்கா போன் எடுத்தவ. "தம்பி, அம்மாவின்ர கல்வெட்டு நீர்தானே அடிச்சனீர், அதில இருந்த படத்தை மட்டும் அனுப்பும்" எண்டு. 95இல யுத்தத்தால இடம்பெயரேக்க வீட்டில இருந்த படமெல்லாம் விட்டிட்டு வந்த குடும்பம். கல்வெட்டுக்குப் போட்டது அம்மாவின்ர அடையாள அட்டையில இருந்து நான் ஸ்கான் பண்ணின படம், அட்டை இப்ப இல்லை. கைதடியில அவவின்ர சித்தியிட்ட அச்சடிச்ச பிரதி ஒண்டு இருக்கெண்டு கேள்விப்பட்டு சைக்கிளில போனன். அலுமாரிக்குள்ள இருந்து எடுத்துத் தந்தவ. முதல் பக்கத்தை, படம் இருந்த பக்கத்தை, கறையான் அரிச்சுப்போட்டுது, முகம் இருக்கவேண்டிய இடத்தில ஓட்டை, சுத்திவர மாலை மட்டும் கிடந்தது. எழுத்தெல்லாம் திரும்ப ரைப் பண்ணிக் குடுத்தனான். படம் இல்லை. அந்த அக்கா ஒரு சொல்லும் குறையாக் கதைக்கேல்லை, அதுதான் இண்டைக்கும் எனக்குக் கிடந்து அரிக்குது.

19.02.2024

தம்பி பெட்டியைத் திறந்து படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், நல்ல வேலை. படத்தைப் பாத்தாப்பிறகு சனிக்கிழமை சொன்னதை நான் திருத்தவேணும். "கொழுவினால் வேலை முடிஞ்சுது" எண்டு சொன்னது பிழை.

போர்ட்டில இருக்கிற சிப்பில வியா விடி8237ஆர் எண்டு கிடக்கு. இது சாட்டா முதல் பதிப்பு, செக்கனுக்கு 1.5 கிகாபிட், முதல் சொன்ன 150 எம்பிதான். சாதாரணமா ஒரு புது டிரைவைக் கொழுவினால் ரெண்டு பக்கமும் எந்த வேகத்தில கதைக்கிறது எண்டு தங்களுக்குள்ள பேசும், 6 ஏலாதெண்டால் 3, அதுவும் ஏலாதெண்டால் 1.5 எண்டு இறங்கி வரும். இந்தச் சிப்புக்கு அந்தப் பேச்சு ஒழுங்கா வராது. 3 கிகாபிட் டிரைவைக் கொழுவினால் பயோஸ் டிரைவ் இருக்கெண்டே காட்டாது. அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்குகளில இதுக்கெண்டே பின்னுக்கு ரெண்டு பின்னை இணைக்கிற ஒரு சின்னத் துண்டு, ஜம்பர், குத்தலாம், குத்தினால் 1.5இல நிண்டிடும். எஸ்எஸ்டியில அப்பிடி ஜம்பர் இல்லை. பிறகு வந்த விடி8237எஸ்இல தான் இதைத் திருத்தினவை.

ரெண்டாவது சிக்கல் எக்ஸ்பி. ஐடிஇயில இருந்து போட் ஆன எக்ஸ்பியைக் கொண்டுபோய் சாட்டா கொன்ட்ரோலரில விட்டால், டிரைவர் முதலே ஏத்தி வைக்காட்டி, நீலத் திரையில 7பி எண்டு முடியிற இலக்கத்தோட நிண்டிடும். தன்ர டிஸ்க் எங்க எண்டு அதுக்குத் தெரியாது.

20.02.2024

அப்ப என்ன செய்யிறது? நான் என்ர மிசினில செய்ததைச் சொல்லுறன். போர்ட்டில இருக்கிற சாட்டாவை மறந்திடும். எஸ்எஸ்டியின்ர பின்பக்கம் கொழுவுற சின்னக் கொன்வேர்ட்டர் பலகை ஒண்டு இருக்கு, ஒரு பக்கம் சாட்டா, மற்றப் பக்கம் 40 பின் ஐடிஇ. கனக்க பலகையில ஜேமைக்ரோன் ஜேஎம்20330 எண்ட சிப் இருக்கும். அதை எஸ்எஸ்டியில குத்தி, பழைய பட்டி வயரிலயே கொழுவினால் மிசினுக்கு அது இன்னொரு ஐடிஇ டிஸ்க், அவ்வளவுதான். எக்ஸ்பிக்கு டிரைவரும் வேண்டாம், நீலத் திரையும் வராது.

133க்கு மேல போகாதே, பேந்தேன் எஸ்எஸ்டி எண்டு கேப்பீர். கேக்கவேண்டிய கேள்விதான். மிசின் இழுபடுறது செக்கனுக்கு எத்தினை எம்பி எண்டதால இல்லை, தேடுறதால. 7200 சுத்து டிஸ்க் ஒரு இடத்தைத் தேடிப் போய் வாசிக்க 12, 13 மில்லிசெக்கன் எடுக்கும், எஸ்எஸ்டிக்கு 0.1 மட்டில. எக்ஸ்பி எழும்பேக்க ஆயிரக்கணக்கில துண்டு துண்டாத் தேடும், அங்கதான் தேத்தண்ணி குடிக்கிற நேரம் போகுது.

120 ஜிபி எடும், அதுக்கு மேல வேண்டாம். டிஸ்கில இடங்களுக்கு இலக்கம் போடுற பழைய 28 பிட் கணக்கு 137 ஜிபியில முடியும், பிறகு வந்த திருத்தம், சேர்விஸ் பாக், போடாத எக்ஸ்பிக்கு அதுக்கு அங்கால கண் தெரியாது. 120 அதுக்குள்ள அடங்கும்.

24.02.2024

கொன்வேர்ட்டர் வந்து சேந்திட்டுதாம், கொழுவினால் பயோஸில ஒண்டும் இல்லையாம். படத்தைப் பாத்தன், தம்பி, இது மற்றப் பக்கத்துக்கு மாத்திறது. பழைய ஐடிஇ டிஸ்கைப் புது சாட்டா போர்ட்டில கொழுவுறதுக்குச் செய்தது. ரெண்டும் பாக்க அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கும், விக்கிற ஆக்களே மாறித் தருவினம், எனக்கும் முதல் தரம் மாறித்தான் வந்தது. வாங்கேக்க "சாட்டா டிரைவை ஐடிஇ போர்ட்டில போடுறது" எண்டு முழு வசனமாக் கேக்கவேணும். ரெண்டு பக்கமும் வேலை செய்யிற பலகையும் இருக்கு, அதில சின்ன சுவிட்சோ ஜம்பரோ இருக்கும். மாத்தி எடும், பெரிய காசில்லை, ரெண்டு மூண்டு சோத்துப் பார்சல் காசுதான். ஒரு பட்டி வயரில ரெண்டு டிரைவ் நிண்டால் முதலாவது மாஸ்டர், மற்றது ஸ்லேவ். எஸ்எஸ்டிக்கு மாஸ்டர் ஜம்பரையும் பாத்துக் குத்தும், சிடி டிரைவ் அதே வயரில நிண்டால் அது ஸ்லேவ்.

25.02.2024

பவர் வயர். இதை அவசரப்படாமல் வாசியும்.

பழைய பவர் சப்ளையில சாட்டா தலை இல்லாட்டி, நாலு பின் மொலெக்ஸில இருந்து சாட்டாவுக்கு மாத்திற வயர் வாங்குவீர். அதில ரெண்டு சாதி. ஒண்டு பிளாஸ்டிக்கை உருக்கி ஊத்தி ஒரே கட்டியா அடைச்சது, உள்ளுக்கு வயர் நேரா நிக்குதோ எண்டு தெரியாது, காலப்போக்கில சோட்டாகி எரியிறது அதுதான். மற்றது ஒவ்வொரு வயரும் தனித்தனியாத் தலைக்குள்ள குத்தியிருக்கும், பின்னுக்கு மூடி கழட்டலாம். ரெண்டாவதை எடும். எனக்குத் தெரிஞ்ச ஒரு கடையில முதல் சாதி வயர் உருகி, நல்ல டிஸ்கொண்டு அதோட போச்சு, பெட்டிக்குள்ள கரிப்பிடிச்ச மணம் ஒரு மாசமாப் போகேல்லை.

பெட்டி திறந்துதானே கிடக்கு, பிராசசருக்குப் பக்கத்தில நிரையா நிக்கிற கப்பாசிட்டர்களின்ர தலையைப் பாரும். தட்டையா இருந்தால் நல்லம். பொருமியிருந்தாலோ மண்ணிறத்தில கசிஞ்சிருந்தாலோ சொல்லும், அந்தக் காலத்துப் போர்ட் கனக்க அதிலதான் செத்தது. கையோட சிஆர்2032 பற்றரியையும் மாத்தும், திகதி பின்னுக்குப் போறதும் போட் ஒழுங்கு மறந்துபோறதும் அதாலதான்.

25.02.2024, பேந்தும்

யூபிஎஸ் இருக்கோ எண்டு கேக்க மறந்தன். 2022இல ஒரு நாள் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, விட்டு விட்டு வந்து போச்சு. அந்த வருசத்தில திருத்த வந்த டிஸ்க் மாதிரி நான் ஒரு வருசமும் காணேல்லை. உம்மட டிஸ்கும் அப்ப அடி வாங்கினதாத்தான் இருக்கும்.

29.02.2024

கொன்வேர்ட்டர் வருமட்டும் வேறொண்டு கதைப்பம். புதுசு எடு எண்டு சொல்லுற ஆக்களுக்கு நான் சொல்லுறது பாமினியைப் பற்றி.

பாமினியில அம்மா எண்டு அடிச்சால் ஃபைலுக்குள்ள போய்க் கிடக்கிறது ஆங்கில எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச். தமிழ் இருக்கிறது ஃபொன்ட்டுக்குள்ள மட்டும்தான். அந்த ஃபொன்ட் இல்லாத மிசினில திறந்தால் ஒரு மனிசற்றை வாழ்க்கை முழுக்கப் பூச்சி ஊர்ந்த மாதிரிக் கிடக்கும். பேஜ்மேக்கரும் அப்பிடித்தான், 2001இல வந்த 7தான் கடைசிப் பதிப்பு, இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும் அந்த ஃபைலைத் திறந்தது, அதுக்குப் பிறகு வந்தது திறக்காது. அதால தம்பி, ஃபைலை மட்டும் பென் டிரைவில ஏத்திப்போட்டு மிசினை எறியிறது, பூட்டை வைச்சுக்கொண்டு திறப்பைக் கிணத்தில போடுறது மாதிரி. ஃபொன்ட்ஸ் ஃபோல்டரும் பேஜ்மேக்கரும் எக்ஸ்பியும் ஒண்டா வரவேணும், அதுதான் முழு டிஸ்கையும் பிரதி எடு எண்டு நிக்கிறன்.

1981இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சு 97,000 புத்தகம் போன ஊர் இது. ஒரே ஒரு பிரதி எண்டால் என்னெண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. இப்ப நூலகம் எண்ட இணையத்தில, 2005இல தொடங்கினது, நினைவு மலரெல்லாம் ஸ்கான் பண்ணிப் போடினம், வேலை முடிய அப்பாவிட்ட அதையும் ஒருக்காக் கதையும்.

08.03.2024, சிவராத்திரி இரவு

தம்பி பின்னேரம் டிஸ்கைத் துவாயில சுத்தி, மோட்டச்சைக்கிளில மடியில வைச்சுக்கொண்டு வந்தவர். அவற்றை மிசினிலயே எடுக்கலாம்தான், ஆனால் சாகிற டிஸ்கில எக்ஸ்பி எழும்பினால் அது தன்ர பாட்டுக்கு எழுதத் தொடங்கிடும், அதால என்ர லினக்ஸ் மிசினில யூஎஸ்பி வயரால கொழுவினம். ஆரோ பிரீசரில வைச்சு எடுக்கச் சொன்னவையாம், ஒருக்காலும் செய்ய வேண்டாம், எங்கட ஊர் வெக்கைக்கு வெளியில எடுத்தவுடன உள்ளுக்குத் தண்ணி பூக்கும்.

சாதாரண கொப்பி இல்லை, டிடி ரெஸ்கியூ எண்ட மென்பொருள். வாசிக்க ஏலாத இடத்தில மல்லுக்கட்டாமல் தாண்டிப் போய் நல்ல இடமெல்லாம் முதல் எடுக்கும், எங்கெங்க விட்டதெண்டு ஒரு ஃபைலில குறிச்சு வைக்கும், பிறகு திரும்பி வந்து விட்ட இடத்தை முயற்சிக்கும். நேரா எஸ்எஸ்டிக்கு இல்லை, முதல் பெரிய டிஸ்கொண்டில இமேஜா, அதாவது முழு டிஸ்கும் ஒரே ஃபைலா. 36 ஜிபி முக்கால் மணித்தியாலத்தில வந்திட்டுது. மிச்சத்துக்கு நிண்டு இழுக்குது. முழிக்கிற இரவுதானே, பக்கத்துக் கோயிலில மூண்டாம் சாமப் பூசை மணி கேக்குது, இஞ்ச டிக் டிக்.

09.03.2024, விடிய

முடிஞ்சுது. 3 எம்பி மட்டில வரேல்லை. டிஸ்க் கடைசியா ஒருக்காக் கிறீச்சிட்டுது, நிப்பாட்டி லேபலில "தொட வேண்டாம்" எண்டு எழுதி வைச்சிருக்கு.

எந்த ஃபைல் போச்செண்டு தேடிப் பாத்தம். ஒரு கலியாணக் காட், ஒரு கோயில் நோட்டீஸ், 2007 கல்வெட்டு ஒண்டு. மிச்சமெல்லாம் கிடக்கு. கல்வெட்டு எண்டவுடன தம்பியின்ர முகம் ஒரு மாதிரிப் போச்சு, ஆற்றை எண்டு நான் கேக்கேல்லை.

10.03.2024

இமேஜை எஸ்எஸ்டியில இறக்கி, சரியான கொன்வேர்ட்டரோட கொழுவினவராம், எக்ஸ்பி ஒரு முறைப்பாடும் இல்லாமல் எழும்பினதாம். ஆனால் "அண்ணை, பெருசா வேகம் இல்லை" எண்டு எழுதியிருக்கிறார்.

டிவைஸ் மனேஜரில பிறைமறி ஐடிஇ சனலைத் திறந்து பாரும், பிஐஓ எண்டு கிடக்கும் எண்டு நினைக்கிறன், அது டேட்டாவைப் பிராசசரே தூக்கிற மெதுவான முறை. எக்ஸ்பிக்கு ஒரு பழக்கம், வாசிக்கேக்க ஆறு தரம் பிழை வந்தால் டிஎம்ஏ எண்ட வேகமான முறையைக் கைவிட்டு, படிப்படியா இறங்கி பிஐஓவுக்குப் போயிடும், பிறகு தானா ஏறி வராது. சாகிற டிஸ்க் குடுத்த பிழையை அது இன்னும் நினைவில வைச்சிருக்கு. அந்தச் சனலை அன்இன்ஸ்டோல் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணும். பட்டி வயரையும் பாரும், தடிப்பான வயர் எண்டால் 40 இழை, அதில 33க்கு மேல போகாது. நூல் மாதிரி மெல்லிசா நெருங்கி நிக்கிற 80 இழை வயர் வேணும்.

10.03.2024, பின்னேரம்

பிஐஓதான். மாத்திப்போட்டார். இப்ப பேஜ்மேக்கர் திறக்கிறதுக்குள்ள கதிரையை இழுத்து இருக்கவும் நேரமில்லையாம்.

11.03.2024

ராத்திரி யோசிச்சன், ஒண்டு விட்டிட்டம். டிஸ்கில பிரிக்கிற பகுதியை, பார்ட்டிசனை, எக்ஸ்பி 63ஆவது செக்டரில, அதாவது 63ஆவது சின்னத் துண்டில, தொடங்கும், எஸ்எஸ்டிக்குள்ள கணக்கு 4 கிலோபைட் கட்டு, அதால டிஸ்கில ஒவ்வொரு தரம் எழுதேக்கயும் அது ரெண்டு கட்டில கால் வைக்கும். ஒரு நாள் ஆறுதலா ஜிபார்ட்டட் எண்ட மென்பொருளில 2048க்கு நகத்தலாம், இமேஜ் கையில இருக்குத்தானே, பயமில்லை. எக்ஸ்பிக்கு ட்ரிம்மும் தெரியாது, எது அழிச்ச இடமெண்டு எஸ்எஸ்டிக்குச் சொல்லாது. அதால 120இல 80ஐ மட்டும் பாவிச்சு மிச்சத்தைப் பார்ட்டிசன் போடாமல் விடும். அதோட நெட் வயரைக் கழட்டிவிடும், எக்ஸ்பிக்கு 2014 சித்திரையோட பாதுகாப்பு நிண்டிட்டுது, இனி அது அச்சடிக்கிற மிசின் மட்டும்தான். இமேஜை ரெண்டு இடத்தில வையும், ஒண்டு அச்சகத்தில, ஒண்டு வீட்டில.

16.03.2024

தம்பி இண்டைக்கு வந்தவர், வாழைப்பழமும் கொண்டு.

அந்த 2007 கல்வெட்டு அவற்றை அப்பம்மாவின்ரதாம். ஆனால் அப்பா அச்சடிச்ச எதிலயும் ஒரு பிரதி எடுத்து வருசவாரியாக் கட்டி, மேல் தட்டில கற்பூரம் போட்டு வைச்சிருக்கிற மனிசன். கறையான் படேல்லை. படத்தை ஸ்கான் பண்ணியாச்சு, எனக்கும் ஒரு பிரதி தந்தவர். எழுத்தைத் தான் அடிச்சுத் தாறன் எண்டு தம்பி சொல்ல, அப்பா விடேல்லையாம், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த மிசினில தானே இருந்து பாமினியில அடிக்கிறாராம், பின்னேரம் நாலு பக்கம். நேற்று திதி வெண்பா வரைக்கும் வந்திட்டுதாம்.